அறுபத்தைந்தாவது கார்டு

உலகத்தில் எந்தக் கேள்விக்கும் ஒற்றைப் பதில் சொல்லாமலே காலம் தள்ளிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் இராஜபாளையத்தில், தென்காசி ரோட்டில், ஒரு நூல் மில் ஆபீஸில், எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்லத் தயார்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை அவரும் மறந்துவிட்டார், நாங்களும் மறந்துவிட்டோம். முகத்துக்கு நேரே ‘அண்ணாச்சி’. முதுகு திரும்பினால் ‘அம்புட்டும்’. மில்லுக்கு எதிரே இருந்த ஓட்டலில் சப்ளையர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்: “இட்லி, தோசை, பூரி, பொங்கல், வடை. என்ன அண்ணாச்சி வேணும்?” அண்ணாச்சி கண்ணை மூடுவார். கன்னத்தைச் சொறிவார். பக்கத்து இலையைப் பார்ப்பார், எதிர் இலையைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். கடைசியில் சொல்வார்: “அம்புட்டும்.” ஒவ்வொன்றிலும் ஒன்று வரும். துட்டிக்குப் போன சாவு வீட்டில் சாப்பிடுகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் தின்று தீர்ப்பார். ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சிதான். தின்றதெல்லாம் எங்கே போயிற்று என்பது மில்லில் யாருக்கும் விளங்காத மர்மம்.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்புவேன். நான் அடிக்கிற கடிதங்களை மடித்து, உறையில் போட்டு, விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பது அண்ணாச்சியின் வேலை. சட்டைப் பையில் நீலப் பேனா, கறுப்புப் பேனா, பென்சில் மூன்றும் இருக்கும். சைக்கிளில் குடை ஒன்று தொங்கும். காரியரில் மழைக்கோட்டு இருக்கும். அதற்கு மேல் தலைக்குத் துண்டு. “வானத்த நம்ப முடியாது தாயி” என்பார். எங்கள் பக்கத்தில் வானத்தை நம்பலாம். வருஷத்தில் பத்து மாதம் வெயில்தான்.

ஒரு தடவை ஒரு கடிதத்தில் ஊர்ப் பெயர் சரியாகத் தெரியவில்லை. கரூரா, கடலூரா என்று சந்தேகம். வேறு யாராக இருந்தாலும் எழுந்து போய் ஹெட் கிளார்க்கிடம் கேட்டிருப்பார்கள். அண்ணாச்சி இரண்டு உறை எடுத்தார். ஒன்றைக் கரூருக்கும் இன்னொன்றைக் கடலூருக்கும் அனுப்பிவிட்டார். கடலூரில் அதே பெயரில் வேறொரு ஜவுளி வியாபாரி இருந்தார். இரண்டு ஊரிலிருந்தும் ஆர்டர் வந்தது. ஹெட் கிளார்க்குக்கு அதுதான் தாங்கவில்லை. தப்பு செய்தவனைத் திட்டலாம்; தப்பு செய்து ஆர்டர் கொண்டுவந்தவனை என்ன செய்வது?

ஹெட் கிளார்க் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தெலுங்கு முந்திக்கொண்டு வரும். “சாலு அய்யா, சாலு” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். ‘சாலு’ என்றால் போதும் என்று அர்த்தம். அண்ணாச்சிக்கு எந்த மொழியிலும் தெரியாத ஒரே வார்த்தை அது.

எனக்கு ஒரு நாள் ஆபீஸில் லேசாகக் காய்ச்சல் அடித்தது. சளிக் காய்ச்சல். மூக்கை உறிஞ்சிக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பார்த்தார். வெளியே போனார். இங்கிலீஷ் மாத்திரை, ஓமியோபதி உருண்டை, நாட்டு மருந்துக் கடைக் கஷாயப்பொடி, பள்ளிவாசலில் ஓதிக் கொடுத்த தண்ணீர், மாரியம்மன் கோயில் திருநீறு, ஐந்தையும் மேஜையில் வைத்தார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நேரே மேனேஜரிடம் போய், கம்பெனி ஜீப்பைக் கொடுங்கள், இந்தப் பிள்ளையை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நின்றார். சளிக்கு மதுரையா என்று ஹெட் கிளார்க் கேட்டதுதான் தாமதம், அண்ணாச்சி கத்தினார்: “சளின்னு ஒமக்கு எப்பிடிய்யா தெரியும்? நீரு டாக்டரா? சளின்னு ஒமக்கு எவன் சொன்னான்?” அவர் குரல் அவ்வளவு உயரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜீப்பில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் நான் வேலைக்கு வந்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிபடவில்லை. கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில் ஒரு வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டி கிடைத்தால் என்ன ஆகும்?

அந்தக் காலத்துப் போட்டிகள் பொல்லாதவை. ‘கல்யாணத்துக்கு இது ஒத்துப்போக வேண்டும்’ என்று குறிப்பு கொடுத்திருப்பார்கள். கட்டத்தில் ம, ஒரு காலியிடம், ம். மனம் என்றும் எழுதலாம், மதம் என்றும் எழுதலாம். எது சரி என்பது ஆசிரியர் மேஜையில் ஒட்டிய உறைக்குள் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆபீஸ் இரண்டாகப் பிளந்துவிடும். ஹெட் கிளார்க் ‘மதம்’ என்பார். நூல் சுற்றும் பகுதியிலிருந்து சோற்று வாளியோடு வரும் பெண்கள் ‘மனம்’ என்று கத்துவார்கள்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. மனமா, மதமா?”

“அம்புட்டும்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போட்டிக்கு எத்தனை கார்டு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பது அப்போது விதி. ஆறு இடத்தில் இப்படி இரண்டிரண்டாகச் சந்தேகம் வந்தால், எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டு அறுபத்து நாலு விடை வரும். அண்ணாச்சி அறுபத்து நாலு தபால் கார்டும் எழுதுவார். சாப்பாட்டு நேரத்தில் குனிந்தால் மணி அடிக்கும்போதுதான் நிமிர்வார். முப்பத்திரண்டை இராஜபாளையத்தில் போடுவார். முப்பத்திரண்டைக் கட்டி என்னிடம் கொடுப்பார்: “ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெட்டில போட்ரு தாயி. ஒரே தபாலாபீஸ நம்பி எல்லாத்தையும் விடக் கூடாது.”

இத்தனைக்கும் அவருக்கு ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை. அதுதான் வேடிக்கை. ஆறு இடத்திலும் சந்தேகப்பட்டு அறுபத்து நாலு வழியும் அடைத்துவிடுவார். சந்தேகமே இல்லை என்று விட்ட ஏழாவது இடத்தில் சறுக்கும். ஒவ்வொரு வாரமும் அந்த ஏழாவது இடத்தை விரலால் தொட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்.

ஒரு வாரம் பத்திரிகையில் பெட்டி கட்டி ஓர் அறிவிப்பு வந்தது. கார்டுகள் மூட்டை மூட்டையாக வருவதால் இனிமேல் ஒருவருக்கு ஒரே விடைதான். ஒரே பெயரில் இரண்டு வந்தால் இரண்டும் தள்ளுபடி.

ஹெட் கிளார்க் அதைச் சத்தமாகப் படித்தார். பாயசம் குடிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“நியாயந்தானய்யா. தெரிஞ்சவன் ஒண்ணு எழுதுவான். தெரியாதவன் நூறு எழுதுவான். எல்லாத்தையும் எழுதினா அதுக்குப் பேரு விடையா? அகராதி!”

அண்ணாச்சி பசைப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு ரெண்டும் தோணுது. ரெண்டுல ஒண்ணு மட்டும் எழுதினா, இதுதான் சரின்னு நான் அடிச்சுச் சொன்ன மாதிரி ஆயிருதுல்ல. எனக்குத் தெரியாதத தெரியும்னு எப்பிடிச் சொல்ல?”

“வெறும் கட்டம்தானய்யா! தப்பாப் போனா என்ன, தலையா போயிரும்?”

அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பாட்டு வாளியைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன். இப்போது கைபேசியிலும் கணினியிலும் புதிர்ப் போட்டி நடத்துகிறார்கள். நாலைந்து தடவைக்கு மேல் தப்பாகச் சொன்னால் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அது நியாயம் என்று ஒரு கட்சி, அநியாயம் என்று ஒரு கட்சி. என்னைக் கேட்டால், அன்றைக்கு நான் ஹெட் கிளார்க் கட்சி.

அண்ணாச்சி ஆசிரியருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். எத்தனை கடிதம் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. பணிவாக ஒன்று, கோபமாக ஒன்று, கெஞ்சலாக ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஆங்கிலத்தை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். நாலில் கெஞ்சலை மட்டும் பிரசுரித்து, கீழே இரண்டு வரி பதில் போட்டிருந்தார்கள்: யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் சுவை இருக்கிறதாம். “சுவையா?” என்று மட்டும் கேட்டார் அண்ணாச்சி. யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் பெயர் சேகரிக்கக் கிளம்பினார். ஒருவருக்கு ஒரு விடைதானே? அறுபத்து நாலு பேர் இருந்தால் அறுபத்து நாலு விடை. நூல் சுற்றும் பெண்கள் முதல் கேட் வாட்ச்மேன் வரை எல்லோரிடமும் சம்மதம் வாங்கிப் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பத்திரிகைக் கடை வைத்திருந்த பாய், குடும்பத்தில் ஒன்பது பேரையும் தாராளமாகக் கொடுத்தார். ஹெட் கிளார்க் மட்டும் தன் பெயரைத் தர மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

இப்படியே ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு வாரம் குறிப்பு இப்படி வந்தது: ‘இது இல்லாதவனை ஊர் மதிக்காது.’ கட்டத்தில் ப, காலியிடம், ம். பணமா, பலமா?

“எம்பேர்ல பணம்னு எழுதுங்க அண்ணாச்சி!” என்றாள் ஒருத்தி. “எனக்கும் பணம். பலத்த வச்சு என்ன செய்ய, மூட்டையா தூக்கப் போறேன்?” என்றாள் இன்னொருத்தி. எல்லோருக்கும் பணம்தான் வேண்டியிருந்தது. அண்ணாச்சி எழுதுகோலைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “பயம்னும் எழுதலாம்.”

“பயமா? பயம் இல்லாதவன ஊர் மதிக்காதா? நல்லாருக்கே கத!”

“பயம் இல்லாதவன் என்னைக்காவது ஒரு நாள் எதையாவது கெடுத்துப்புடுவான். பொறவு அவன எவன் மதிப்பான்?”

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது என்னிடம் கொடுத்த கட்டைப் புரட்டிப் பார்த்தேன். வழக்கமான முப்பத்திரண்டுக்கு மேல் ஒரு கார்டு கூடுதலாக இருந்தது. அறுபத்தைந்தாவது கார்டு. அதில் ‘பயம்’ என்று எழுதியிருந்தது. அனுப்புநர் பெயர் அண்ணாச்சியின் சொந்தப் பெயர். வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அந்தப் பெயரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஹெட் கிளார்க்தான் படித்தார். சரியான விடை ‘பலம்’. முழுதும் சரியாக எழுதியவர் ஒரே ஒருவர். தையல் மிஷினைத் தட்டிச் செல்பவர் திருமதி வேலம்மாள், மடவார்வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்.

“நம்ம பக்கத்து ஆளு! யாருடி இது?” என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலம்மாள் என்று மில்லில் யாரும் இல்லை. தடால் என்று சத்தம் கேட்டது. பசைப் பாட்டில் கவிழ்ந்து அண்ணாச்சியின் மேஜையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரை என்னோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

“தாயி, அந்த வேலம்மா எம் வீட்டுக்காரி.”

அவரைக் கல்யாணம் ஆகாதவர் என்றுதான் மில்லே நினைத்திருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் ‘அம்புட்டும்’ என்று சொல்லியிருப்பார், அடித்து விரட்டியிருப்பார்கள் என்று நானே கதை கட்டி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

“ஏழு வருசமா அவ அண்ணன் வீட்டுல இருக்கா. அறுபத்து மூணு பேருதான் கெடச்சாக. ஒரு பேரு கொறஞ்சுது. அதான் அவ பேரப் போட்டேன். பத்திரிகைலருந்து அவளுக்குக் கடுதாசி வரும். என்னமோ ஏதோன்னு பதறிருவா. நீ போயி வெவரத்தச் சொல்லிட்டு வா தாயி.”

“நீங்களே போகக் கூடாதா அண்ணாச்சி?”

“நான் எப்பிடிப் போவேன்?” என்றார். பஸ் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வேலம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவர். நெடுநெடு என்று உயரம். கறாரான முகம். நான் மில்லின் பெயரைச் சொன்னதும், உள்ளே போய் ஓர் உறையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பத்திரிகைக் கடிதம் முந்தின நாளே வந்துவிட்டிருந்தது. இணைத்திருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு புகைப்படமும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம்.

“அவிய வேலதான்னு பாத்ததும் தெரிஞ்சுபோச்சு” என்றார். “இன்னும் இப்பிடித்தான் இருக்காகளா?”

நான் அவரை மதினி என்று கூப்பிட்டேன். அண்ணாச்சி வீட்டுக்காரி வேறென்ன? அந்த ஒரு வார்த்தையில் முகம் கொஞ்சம் இளகியது. ஓட்டல் கதை, கரூர்க் கதை எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பிறகு என் சளிக் காய்ச்சலுக்கு ஜீப் கேட்டு நின்ற கதையையும் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எங்களுக்கு ஒரு பிள்ள இருந்துச்சும்மா. பொம்பளப் பிள்ள. நாலு வயசு. காய்ச்சல் வந்துச்சு. டாக்டரு பாத்துட்டு, சாதாக் காய்ச்சலா இருக்கலாம், மூளைக் காய்ச்சலாவும் இருக்கலாம், எதுக்கும் மதுரைக்குக் கொண்டு போயிருங்கன்னாரு. அவிய அந்தக் காலத்துல ரொம்பத் தைரியமான ஆளு. எதுலயும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுவாக. இது சாதாக் காய்ச்சல்தான், சளி பிடிச்சிருக்கு, நாளைக்குச் சரியாயிரும்னு மாத்திரைய வாங்கிட்டு வந்துட்டாக. நானும் சரின்னுட்டேன். மறுநாள் சாயங்காலம் கார் பிடிச்சுக் கெளம்புனோம். பாதி வழி, கல்லுப்பட்டிகூடத் தாண்டல பிள்ள.”

அடுப்படியில் ஏதோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

“‘நீங்க சொன்ன ஒரு வார்த்தைல எம்பிள்ள போச்சு’ன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு தடவதான் சொன்னேன். அதுக்குப் பொறவு அவிய எதையும் ஒண்ணுன்னு சொல்லுததே இல்ல. அரிசி வாங்கப் போனா மூணு அரிசி வாங்கிட்டு வாராக. நான் இருமினா மூணு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறாக. ஊரே சிரிக்குது. எனக்குச் சிரிக்கவா முடியும்? நான் சொன்ன சொல்லுல்லம்மா வீட்டுக்குள்ள நடமாடிக்கிட்டிருக்கு. பாத்துக்கிட்டு இருக்க முடியல. இங்க வந்துட்டேன்.”

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. காப்பி கொடுத்தார். நான் குடித்துவிட்டு வந்தேன். வழியில் தேரடியில் நின்று அழுதேன். தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் வேலம்மாள் மில் வாசலில் வந்து நின்றார். வாட்ச்மேன் வந்து சொன்னதும் அண்ணாச்சி எழுந்தார், உட்கார்ந்தார், பேனாவைத் திறந்தார், மூடினார். ஹெட் கிளார்க், பார்வையாளர் பெஞ்சில் போய்ப் பேசும்படி ஜாடை காட்டினார். பெஞ்சு ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. சோற்று வாளிகளோடு பெண்கள் பக்கத்து வேப்பமரத்தடியில் இருந்தார்கள். ஒரு வாய் சோறு யார் தொண்டையிலும் இறங்கவில்லை.

இருவரும் பெஞ்சின் இரண்டு நுனியில் உட்கார்ந்தார்கள்.

“எம்பேர்ல எதுக்கு எழுதினீக?”

“ஒரு பேரு கொறஞ்சுது.”

“பொய் சொல்லாதீக.”

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஒரு வருசமாவே எழுதுதேன். ஒவ்வொரு தடவையும் மொத கார்டு ஒம்பேருலதான். எது சரின்னு எம்மனசுக்குப் படுதோ அத ஒங்கார்டுல எழுதிருவேன். மிச்சத்த மத்தவுகளுக்குப் பிரிச்சுப் போடுவேன்.”

மரத்தடியிலிருந்து ஒரு குரல் பொறுக்க முடியாமல் எழுந்தது: “அப்ப எங்களுக்கெல்லாம் தப்பா எழுதுனீகளா அண்ணாச்சி? ஒரு வருசமாவா?”

“ஏட்டி, சும்மா கெட!” என்று இன்னொருத்தி அவள் வாயைப் பொத்தினாள். வேலம்மாள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வழியே போனது.

“ஒங்க பேருல என்ன எழுதினீக?”

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். ஜன்னலில் நின்ற எனக்குத் தெரியும். சொல்லிவிடலாமா என்று தவித்தேன். வேலம்மாள் மறுபடியும் கேட்டார். அண்ணாச்சி சொன்னார்: “பயம்னு எழுதினேன்.”

வேலம்மாள் மடியிலிருந்த உறையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “அந்த விடைய நான் எழுதல, எனக்குப் பரிசு வேண்டாம்னு பத்திரிகைக்கு எழுதிப் போட்டுட்டேன்.”

மரத்தடியில் ஐயோ என்று ஓர் ஓலம் கிளம்பி அடங்கியது. போனது தையல் மிஷின் அல்லவா?

“சரிதான்” என்றார் அண்ணாச்சி. “நீ எழுதலதான.”

“இனிமே எம்பேருல எழுதாதீக.”

“எழுதல.”

“அன்னைக்கு நானும் சரின்னுதான சொன்னேன்” என்றார் வேலம்மாள். “நீங்க சாதாக் காய்ச்சல்னீக. நானும் சரின்னேன். அத இம்புட்டு நாளா நான் ஒங்ககிட்ட ஒத்துக்கிட்டதில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார். அண்ணாச்சி கூடப் போகவில்லை. ஜன்னலில் நின்றுகொண்டிருந்த ஹெட் கிளார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் குறுக்கெழுத்துப் பேச்சு எழவே இல்லை. ஆபீஸுக்கு அந்தப் பத்திரிகை வாங்குவதை நிறுத்தியது ஹெட் கிளார்க்தான், அண்ணாச்சி இல்லை.

அதோடு இருவரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். சேரவில்லை. அவர் இராஜபாளையத்து ஒற்றை அறையில் இருந்தார். அவர் மனைவி மடவார்வளாகத்தில் இருந்தார். தை பிறந்தால் வேலம்மாள் என்னிடம் ஒரு தூக்குவாளிப் பொங்கல் கொடுத்துவிடுவார். காலி வாளியில் கொஞ்சம் சீனியோ, வாழைப்பழமோ போட்டு அண்ணாச்சி திருப்பி அனுப்புவார். பஸ்ஸில் அதைச் சிந்தாமல் கொண்டுபோவது என் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தூக்குவாளி. அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணாச்சிக்கு வயிற்றில் வலி வந்தது. உள்ளூர் டாக்டர், குடல்புண்ணாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்றார். ஊருக்கெல்லாம் மதுரையைக் காட்டியவர் தனக்கு மட்டும், “செத்த நாள் பாப்போம்” என்றார். ஹெட் கிளார்க் அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் வேலம்மாள் வாடகைக் காரோடு வந்து நின்றார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல வேலம்மா.”

“நீங்க வாயத் தொறக்கக் கூடாது. ஏறுங்க.”

ஏறினார். வேலம்மாள் தாமதிக்கவில்லை. ஆனால் நோய் முன்பே முந்திக்கொண்டிருந்தது. மதுரையில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேலம்மாள் தன் அண்ணன் வீட்டு முன்னறையில் அவரைப் படுக்க வைத்தார். மூன்று மாதம் இருந்தார். வேலை முடிந்து பஸ் இறங்கியதும் நான் நேரே அங்கே போவேன்.

ஒரு நாள் என்னிடம் மெல்லச் சொன்னார்: “அவ எங்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்கா தாயி. கஞ்சியா, பாலான்னு கேக்கல. கஞ்சியக் கொண்டாந்து வைக்கா. குடிக்கேன். சன்னலத் தொறக்கவான்னு கேக்கல. அவளே தொறக்கா, அவளே சாத்துதா.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “மனசுக்கு எம்புட்டு லேசா இருக்கு தெரியுமா?”

ஆடி பிறக்கும் முன் போய்விட்டார். மில்லில் அரை நாள் லீவு விட்டார்கள். நூல் சுற்றும் பகுதியே இரண்டு பஸ் பிடித்து வந்து இறங்கியது. ஹெட் கிளார்க், யாரும் கேட்காமலே, காடு வரைக்கும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

அண்ணாச்சியின் நாற்காலிக்கு ஒரு வாரத்தில் புதிய கிளார்க் வந்தார். சுறுசுறுப்பான இளைஞர். விலாசத்தை ஒரு தடவை பார்ப்பார், சரியாக எழுதுவார். இன்றுவரை அவர் அனுப்பிய கடிதம் ஒன்றுகூட வேறு ஊருக்குப் போனதில்லை. அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் ஒரு வருஷம் நான்தான் அவரோடு முகங்கொடுத்துப் பேசவே இல்லை.